1,350 ரூபாய் மைக்ரோஸ்கோப்பில் பழ ஈ பார்த்த அனுபவம்

பெட்டி மேல் 1000 எக்ஸ் என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பதை நம்பி இந்த யூஎஸ்பி மைக்ரோஸ்கோப்பை வாங்காதீர்கள். மானிட்டரில் படம் எவ்வளவு பெரிதாகத் தெரிகிறதோ அதையும் சேர்த்துக் கணக்குக் காட்டுகிறார்கள், லென்ஸ் தெளிவாகக் கொடுப்பது அதில் சின்னத் துண்டுதான். இருந்தும் நான் திருப்பி அனுப்பவில்லை, காரணம் பழ ஈ.

கிருஷ்ணகிரிப் பக்கம் கொஞ்சம் மாந்தோப்பு, வீட்டோரம் ஒரு பாகல் பந்தல். இரண்டு இடத்திலும் ஈயை வாசனையால் இழுக்கிற மீதைல் யூஜினால் மருந்து வைத்த பொறி தொங்கவிட்டிருந்தேன். தோப்பில் ஈ கொத்துக்கொத்தாக விழுந்தது, பந்தலில் மட்டும் பொறி இருக்க இருக்கவே பிஞ்செல்லாம் புழு. "எல்லாம் ஈதானே மாப்பிள்ளை, இதுக்கு எதுக்கு மிசினு" என்றார் மாமா. எனக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

முதல் வாரம் வெறுப்புதான். லென்ஸைச் சுற்றி வட்டமாக எல்இடி, ஈயின் முதுகோ பளபளப்பு, போட்டவுடன் வெள்ளை வட்டம் மட்டும்தான் தெரிந்தது. அப்புறம் எல்இடியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, டேபிள் லைட்டைப் பக்கவாட்டில் வைத்து நடுவில் பட்டர் பேப்பர் ஒன்றைப் பிடித்தேன். ஒரே நாளில் வேறு கருவி மாதிரி ஆகிவிட்டது.

வெள்ளைத்தாளில் ரெக்கையைப் பரப்பிப் பாருங்கள். முன்விளிம்பில் ஒரு கருப்புப் பட்டை நுனி வரை அறுபடாமல் ஓடினால் அது டார்சாலிஸ் என்ற வகை, மாம்பழத்தில் நாம் அதிகம் திட்டுகிற ஈ. பட்டை பாதியில் விட்டுப்போய் நுனியில் தனியாக ஒரு புள்ளி இருந்தால் சொனாட்டா, கரெக்டா என்ற வேறு இரண்டு வகையில் ஒன்றாக இருக்கலாம். அங்கே முகத்தைப் பார்க்க வேண்டும்: சொனாட்டாவுக்கு இரண்டு கரும்புள்ளியும் தனித்தனியாக, உடம்பு செம்பழுப்பு. கரெக்டாவுக்கு அந்தப் புள்ளிகள் குறுக்கே இழுபட்டு ஒன்றையொன்று தொடப்போகிற மாதிரி, மீசை வைத்தது போல இருக்கும், முதுகும் கருப்பு. மூன்றுமே ஒரே பொறிக்கு வருகிறவை (வருவது ஆண் ஈ மட்டும்), அதனால் தோப்பைப் பொறுத்தவரை இந்த ஆராய்ச்சியால் எனக்குப் பைசா லாபமில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லாபம் பந்தலில்தான். பாகல் இலையில் உட்கார்ந்திருந்த ஒன்றை டப்பாவில் பிடித்து, ஃப்ரீசரில் கொஞ்ச நேரம் வைத்து (வீட்டில் கிடைத்த மரியாதை தனிக்கதை) எடுத்துப் பார்த்தால், முதுகில் இரண்டு மஞ்சள் கோடு இருக்கவேண்டிய இடத்தில் மூன்று! நடுவில் ஒன்று கூடுதல், ரெக்கை நுனியில் பெரிய பழுப்புத் திட்டு வேறு. குக்கர்பிட்டே, அதாவது பாகல், பூசணி, பீர்க்கு என்று கொடிக்காயைத் துளைக்கிற ஈ. இது மீதைல் யூஜினாலைச் சீண்டாது, இதற்குக் கியூ லூர் என்ற வேறு வாசனை மருந்து வைக்கவேண்டும். ஒரு சீசன் முழுக்கத் தப்பான மருந்தைத் தொங்கவிட்டிருக்கிறேன்.

குறைகளும் நிறைய. ஸ்டாண்டு படு மோசம், ஃபோகஸ் திருகைத் தொட்டாலே ஈ திரையை விட்டு ஓடிவிடுகிறது. முகம் தெளிவாக இருந்தால் ரெக்கை மங்கல், எனவே ஒரு ஈக்கு நாலு படம் எடுக்க வேண்டியிருக்கிறது. வாழைப்பழத் தட்டில் மொய்க்கிற குட்டி ஈயெல்லாம் இதற்கு ஆகாது. அந்த வகையான டுரோசோபிலா மெலனோகாஸ்டரின் ஆணுக்கு முன்காலில் சீப்பு மாதிரி கருப்பு முடிவரிசை இருக்கும், இதில் பார்த்தால் ஒரு புள்ளியாகத் தெரிகிறதே தவிர பல் பிரியவில்லை. பொறியில் நாள்கணக்கில் கிடந்த ஈயைக் கொண்டுவந்தும் கருவியைக் குறை சொல்லாதீர்கள், மஞ்சள் நிறம் மங்கிப்போயிருக்கும், அன்றன்றைக்கு விழுந்ததாக எடுங்கள்.

பத்து எக்ஸ் கைலென்ஸ் ஏற்கெனவே இருந்தால் ரெக்கைப் பட்டையும் மூன்றாவது கோடும் அதிலேயே தெரிந்துவிடும், அவசரப்பட்டு இதை வாங்கவேண்டாம். முகப்புள்ளி பார்க்கவும், போட்டோ எடுத்து விவரம் தெரிந்தவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பவும்தான் இது உதவுகிறது. ஐந்துக்கு மூன்று. ஸ்டாண்டைத் தூக்கிப் போட்டுவிட்டு, மரக்கட்டையில் ஓட்டை போட்டுச் செருகி வைத்திருக்கிறேன், இப்போது ஆடுவதில்லை.