அட்மினர்: வருஷக்கணக்கில் பயன்படுத்தியதில் தெரிந்தது

திருப்பூர் பனியன் கம்பெனிகளுக்கு ஆர்டர், ஜாப் ஒர்க் கணக்கு பார்க்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது என் வேலை, அதில் தினமும் கையில் இருக்கிற டூல் அட்மினர், டேட்டாபேஸை பிரவுசரிலேயே திறந்து பார்க்க, திருத்த உதவுவது. இதே வேலை செய்யும் பிஎச்பிமைஅட்மின் மாதிரி ஃபோல்டர் ஃபோல்டராக ஏற்ற வேண்டாம், ஒரே ஒரு பிஎச்பி ஃபைல், போட்டவுடன் டேபிள் எல்லாம் கண்முன்னே வந்துவிடும், மைஎஸ்கியூஎல் மட்டுமில்லாமல் போஸ்ட்கிரஸ், எஸ்கியூலைட் டேட்டாபேஸ்களையும் பார்க்கலாம். லேப்டாப்பில் வைத்து வேலை செய்ய இதைவிட நல்லதை நான் பார்க்கவில்லை.

சைட் ஓடுகிற லைவ் சர்வரில் அந்தச் சௌகரியமே வினை. அவசரத்துக்கு ஏற்றுகிறார்கள், வேலை முடிகிறது, ஃபைல் அங்கேயே கிடக்கிறது. ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியின் சைட் என் கைக்கு வந்தபோது, முன்பு பார்த்தவர் விட்டுப்போன அட்மினரின் பழைய 4.2 வெர்ஷன் பிரவுசரில் அப்படியே திறந்தது. ஓனரிடம் சொன்னேன். "பாஸ்வேர்டு போட்டிருக்குதுங்களே, அப்புறமென்னங்க பயம்?" என்றார். நிறையப் பேர் அப்படித்தான் நம்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அட்மினரின் லாகின் பக்கத்தில் எந்த டேட்டாபேஸ் சர்வர் என்பதை வருகிற ஆளே டைப் செய்யலாம். அதனால் திருடன் உங்கள் பாஸ்வேர்டை ஊகிக்கவே வேண்டாம், தன்னுடைய மைஎஸ்கியூஎல் சர்வரின் முகவரியைப் போட்டு உங்கள் அட்மினரை அங்கே இணைத்துவிடுவான். மைஎஸ்கியூஎல்லில் 'லோட் டேட்டா லோக்கல்' என்று ஒரு வசதி உண்டு, சர்வர் கேட்கிற ஃபைலைக் கிளையன்ட் எடுத்துக் கொடுத்துவிடும். இங்கே கிளையன்ட் யார்? உங்கள் லைவ் சர்வர். அவன் கேட்பது சைட்டின் செட்டிங்ஸ் இருக்கிற கான்ஃபிக் ஃபைல், அதற்குள் உங்கள் டேட்டாபேஸ் பாஸ்வேர்டு எழுத்து மாறாமல் உட்கார்ந்திருக்கும். 4.6.2 வரை இந்த ஓட்டை இருந்தது, 2018-இல் 4.6.3 வந்துதான் அடைத்தார்கள். 4.7.8 வரை இருந்த வேறொரு ஓட்டைக்கு 2021-இல் 4.7.9 வந்தது. டூலை எழுதியவர்கள் சரிசெய்துவிட்டார்கள், சர்வரில் மறந்துபோன ஃபைலை யார் அப்டேட் செய்வது?

நான் அட்மினரை லேப்டாப்பில் மட்டும்தான் ஓட்டுகிறேன், லைவ் டேட்டா வேண்டுமென்றால் எஸ்எஸ்எச் டனல் (சர்வருக்குப் போகிற பூட்டிய தனி வழி) வழியாகப் போவேன். கொஞ்சம் மெதுவாகத்தான் இருக்கும், இருக்கட்டும், பையர் ரேட்டும் ஜாப் ஒர்க் ஆட்களின் பேங்க் அக்கவுண்ட் நம்பரும் இருக்கிற இடம் அது.

யார் எந்தப் பக்கத்தைக் கேட்டார்கள் என்று பதிவாகும் உங்கள் சர்வரின் ஆக்சஸ் லாகில் adminer, phpmyadmin என்று ஆங்கிலத்தில் தேடிப் பாருங்கள், இந்தப் பெயர்களைக் கேட்டுக்கொண்டு பாட்கள் (தானாக ஓடும் புரோகிராம்கள்) வந்தபடியே இருக்கும். பதில் 404, அதாவது அப்படி ஃபைல் இல்லை, என்றால் சரி. பழைய வெர்ஷன் கிடந்து 200, அதாவது பக்கம் திறந்துவிட்டது, என்று போயிருந்தால் ஃபைலை அழிப்பதோடு நிற்க வேண்டாம், டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அன்றைக்கே மாற்றுங்கள், கான்ஃபிக் ஃபைலில் இருந்த எஸ்எம்எஸ், மெயில், பேமெண்ட் கீ அத்தனையும் சேர்த்து.