டாட்டு அந்தப் பக்க பெஞ்சில் நின்றார்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் டாலஸ் சைடுகிக்ஸ் என்ற இன்டோர் சாக்கர் அணியின் ஆள். 1986இல் டெக்சஸில் ஆர்லிங்டனுக்குப் படிக்க வந்தபோது, அறையில் இருந்த சீனியர் ஒருவர் டாலஸ் ரீயூனியன் அரீனாவுக்கு இழுத்துக்கொண்டு போனார். பெரம்பூர் ரயில்வே மைதானத்தில் வெறுங்காலோடு பந்து உதைத்தவனுக்கு, கூரைக்குக் கீழே சுவரில் அடித்துத் திருப்பி ஆடும் ஃபுட்பாலைப் பார்த்ததும் சிரிப்புதான் வந்தது. அன்றைக்கு சைடுகிக்ஸின் நட்சத்திர ஆட்டக்காரர் டாட்டு ஒரு கோல் போட்டுவிட்டு, வழக்கம்போல ஜெர்சியைக் கழற்றிக் கூட்டத்துக்குள் வீசினார். எங்களுக்கு இரண்டு வரிசை கீழே விழுந்தது. அதைப் பிடித்த ஆள் பக்கத்தில் யாரையும் தொடக்கூட விடவில்லை. அந்த ராத்திரியோடு நான் மாட்டிக்கொண்டேன்.

இந்தப் பழங்கதை எதற்கு என்றால், 2019-20 சீசனில் டாலஸ் பக்கம் மெஸ்கீட் ஊரில் இரண்டாவதாக ஓர் இன்டோர் சாக்கர் அணி வந்தது. பெயர் மெஸ்கீட் அவுட்லாஸ். கோச் யார் தெரியுமா? அதே டாட்டு. 1987இல் சைடுகிக்ஸுக்குக் கோப்பை வாங்கித் தந்தவர், 2012இல் அணியை டாலஸுக்கு வடக்கே ஆலனில் மறுபடி தொடங்கியபோது கோச்சாக வந்து நின்றவர். சொந்தப் பெரியப்பா திடீரென்று பங்காளி வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான் இருந்தது எனக்கு.

சரி, திட்டுவதற்காவது ஒருமுறை போய்ப் பார்ப்போம் என்று பேரனைக் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே பழைய சைடுகிக்ஸ் ஜெர்சி, மேலே ஜாக்கெட், ஜிப் கழுத்து வரைக்கும்.

நான் இருக்கும் பிளேனோவிலிருந்து மெஸ்கீட் இருபத்தைந்து மைல் இருக்கும். ஆலன் எனக்குப் பக்கத்துத் தெரு மாதிரி. இங்கே 635 நெடுஞ்சாலையில் லாரிகளுக்கு நடுவே நகர்ந்து போக வேண்டும். அரீனா அடிப்படையில் ரோடியோ கொட்டகை. மெஸ்கீட் ரோடியோ 1958இலிருந்து நடக்கிறது. கோடைச் சனிக்கிழமைகளில் முரட்டுக் காளை மேல் ஆட்கள் ஏறித் தாக்குப்பிடிக்கும் இடம் இது. அந்தத் தரையில் செயற்கைப் புல் விரித்து, சுற்றிலும் பலகைச் சுவரும் அதன்மேல் கண்ணாடித் தடுப்பும் வைத்திருந்தார்கள். வாடிவாசல் பார்த்த சாதியாச்சே நாம், எனக்கு இடம் உடனே பிடித்துப்போய்விட்டது. ஆலன் அரங்கம் புதுசு, பளபளப்பு. ஆனால் இங்கே கடைசி வரிசையில் உட்கார்ந்தாலும், பந்து சுவரில் மோதும் ‘டமார்’ நெஞ்சில் வந்து இறங்கியது.

தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: கோலியோடு சேர்த்து ஒரு பக்கத்துக்கு ஆறு பேர். பதினைந்து நிமிட குவார்ட்டர் நான்கு (நம்மூர் குவார்ட்டர் இல்லை). ஆட்டத்தை நிறுத்தாமலே ஆள் மாற்றிக்கொள்ளலாம். நீல அட்டை வாங்கினால் இரண்டு நிமிடம் வெளியே. அதுவரை அணி ஓர் ஆள் குறைவாக ஆட வேண்டும். பேரன் பத்து நிமிடம் பார்த்துவிட்டு, “தாத்தா, இது ஐஸ் ஹாக்கிதானே? ஐஸையும் மட்டையையும் காணோம்” என்றான். இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஆட்டத்துக்கு வருவோம். புது அணி என்பது முதல் பாதியில் அப்பட்டமாகத் தெரிந்தது. சுவரை நம்பத் தெரியவில்லை. வெளி மைதானத்தில் ஆடிப் பழகிய பையன் ஆளைப் பார்த்துப் பாஸ் கொடுப்பான். இன்டோர்காரன் சுவருக்குக் கொடுப்பான், சுவர் கொடுத்துவிடும். மூன்றாவது குவார்ட்டரில் அது நடந்தது. வலது மூலையில் ஒருவர், எதிரே இரண்டு பேர் நெருக்குகிறார்கள், பாஸ் கொடுக்க வழியே இல்லை. கோலுக்குப் பக்கத்துச் சுவரைப் பார்த்து ஓங்கி ஒரு அடி. வேண்டுமென்றே அடித்தது. பந்து திரும்பி வரும் இடத்துக்கு இன்னொருவர் அதற்கு முன்பே ஓடிக்கொண்டிருந்தார். தொட்டதுதான் தெரியும், வலை குலுங்கியது. டாட்டு முப்பது வருஷத்துக்கு முன்னால் செய்ததைச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். நான் எழுந்து நின்றுவிட்டேன். பேரன் என்னை ஒரு மாதிரி பார்த்தான். மெதுவாக உட்கார்ந்தேன்.

கூட்டம் பாதிக்குப் பாதி ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள். எனக்கு முன்னால் இருந்த பாட்டி ரெஃப்ரியைத் திட்டியது ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை, ஆனால் முழுக்க ஒத்துப்போனேன். சைவர்களுக்கு நாச்சோஸும் பிரெட்ஸலும்தான், வேறு கனவு வேண்டாம். இசையைத்தான் தாங்க முடியவில்லை. பந்து ஓடும்போதும் பாட்டு, நிற்கும்போதும் பாட்டு. இது இன்டோர் சாக்கருக்கே உள்ள வியாதி, அவுட்லாஸை மட்டும் குறை சொல்ல முடியாது. டிக்கெட் விற்ற இணையதளம் ஒன்று கடைசிப் பக்கத்தில் ‘சேவைக் கட்டணம்’ என்று தீட்டியது தனிக்கதை. அரீனா கவுன்ட்டரிலேயே வாங்கியிருக்கலாம். எப்படி வாங்கினாலும் டாலஸின் கூடைப்பந்து அணியான மேவரிக்ஸ் ஆட்டத்துக்கு ஒருவர் போகும் செலவில் அன்று இங்கே குடும்பமே போய் வர முடிந்தது.

எனக்கிருந்த பயம் வேறு. இந்த விளையாட்டு கூட்டத்துக்கு ஏங்கியே காலம் தள்ளியிருக்கிறது. நான் முதலில் பார்த்த லீக் 1992இல் மூடப்பட்டது. அதற்குப் பிறகு சைடுகிக்ஸ் சேர்ந்த லீக் 1997இல் போனது. 2004இல் சைடுகிக்ஸே போனது. அதற்கடுத்த சில குளிர்காலங்களில் சனிக்கிழமை ராத்திரி என்ன செய்வதென்று தெரியாமல் நான் கராஜைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். ரீயூனியன் அரீனாவையும் 2009இல் இடித்துவிட்டார்கள். ஆலனுக்கு வந்த கூட்டமே எனக்குப் போதவில்லை. அதில் பாதி மெஸ்கீட்டுக்குப் போய்விட்டால்? பக்கத்திலேயே ஒரு பகையாளி இருந்தால் இரண்டு பேருக்கும் கூட்டம் சேரும் என்றான் என் மகன். இருக்கலாம். 1987 இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், எதிரணியின் ஊரான டகோமாவில் 21,728 பேர் உட்கார்ந்திருந்தது, நம்மை எதிர்த்துக் கத்துவதற்குத்தான். அவர்கள் அத்தனை பேருக்கும் முன்னால் எக்ஸ்ட்ரா டைமில் மார்க் கார்புன் அடித்து 4-3. அந்தச் செய்தி வந்த பேப்பர் துண்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் கண்ணாடித் தடுப்பு வரை இறங்கிப் போனோம். டாட்டு பெஞ்சுப் பக்கம் யாருடனோ பேசிக்கொண்டிருந்தார், தலை நரைத்திருந்தது. எனக்கும்தான். “அவர்தான் சட்டையைக் கழற்றி வீசுவாரா?” என்று பேரன் கேட்டான். ஆமாம் என்றேன். அவன் கொஞ்ச நேரம் காத்திருந்து பார்த்தான்.

அடுத்து சைடுகிக்ஸ் மெஸ்கீட்டுக்கு ஆட வரும்போது மூன்று டிக்கெட் எடுப்பதென்று அன்றே தீர்மானித்தேன், மகனையும் சேர்த்து. ஜிப்பை இறக்கிவிட்டு உட்காருவதா வேண்டாமா என்பதை மட்டும் அன்று முடிவு செய்யவில்லை.