பிட் டெப்த்தா, கேமட்டா? என் ஓட்டு பிட் டெப்த்துக்கு

ரா ஃபைலை (கேமரா சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ஃபைல்) எடிட்டிங்குக்கு எடுக்கும்போது 8 பிட்டா 16 பிட்டா, எஸ்ஆர்ஜிபியா அடோபி ஆர்ஜிபியா என்று இரண்டு கேள்வி வரும். பின்னவை இரண்டும் நிற வெளிகள், அடோபி ஆர்ஜிபிதான் அகலமானது. பிட் கூடினால் கலர் பளிச்சென்று ஆகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. நிறம் எவ்வளவு தூரம் போகலாம் என்பது கேமட், அந்தத் தூரத்துக்குள் எத்தனை படிகள் என்பது பிட் டெப்த். நான் வைத்திருப்பது 16 பிட், அடோபி ஆர்ஜிபி. ஒன்றை விட்டுத்தான் ஆகவேண்டும் என்றால் அகலமான கேமட்டைத்தான் விடுவேன்.

காரணம் வானம். 8 பிட்டில் ஒரு சேனலுக்கு (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றும் ஒரு சேனல்) 256 படிகள். மாலை வானம் மேலிருந்து கீழே மெல்ல வெளுத்துக்கொண்டே வரும்போது, நீலச் சேனலில் அது மொத்தமே 40 படிக்குள் அடங்கிவிடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டிங்கின் கர்வ்ஸ் கருவியில் கான்ட்ராஸ்டை இரண்டு மடங்கு ஏற்றினால் அதே 40 மதிப்புகள் 80 இடங்களில் பரவி நிற்கும், ஒன்று விட்டு ஒன்று காலி. ஹிஸ்டோகிராம் (எந்தப் படியில் எத்தனை பிக்சல் என்று காட்டும் வரைபடம்) சீப்புப் பல் மாதிரி ஆகிவிடும், வானத்தில் பட்டை பட்டையாகத் தெரியும். 16 பிட்டில் சேனலுக்கு 65,536 படிகள். கேமரா தருவது 12 அல்லது 14 பிட்தான் என்றாலும் இந்த இழுப்புக்கு அதுவே தாராளம்.

இன்னொன்று, கேமட்டை அகலமாக்கினால் படிகள் கூடுவதில்லை. அதே 256 படிகள் இன்னும் தள்ளித் தள்ளி நிற்கும். அடோபி ஆர்ஜிபியைவிடவும் அகலமான புரோஃபோட்டோ ஆர்ஜிபியில் கண்ணுக்கே தெரியாத நிறங்களுக்கும் சேர்த்துப் படிகள் போய்விடுகின்றன, அதை 8 பிட்டில் எடிட் பண்ணுவது பட்டையைக் கூப்பிட்டு உட்கார வைப்பதுதான். அதனால் 16 பிட் இருந்தால்தான் பெரிய கேமட்டைப் பற்றி யோசிக்கவே முடியும்.

சரி, கேமட்டால் பயனே இல்லையா? உண்டு. நல்ல இங்க்ஜெட் பிரிண்டர் எஸ்ஆர்ஜிபிக்கு வெளியே உள்ள சில சயான், பச்சை நிறங்களை அச்சடிக்கும். 1998இல் வந்த அடோபி ஆர்ஜிபி அவற்றில் பெரும்பகுதியைப் பிடித்துவைக்கும். கடல், இலை, துணி எடுப்பவர்களுக்கு இது முக்கியம். முகங்களுக்குப் பெரிய வித்தியாசம் வராது, தோல் நிறம் எஸ்ஆர்ஜிபிக்குள்ளேயே அடங்கிவிடும். மேட் பேப்பரில் நான் அதிகம் அடித்ததில்லை, பளபளப்பான தாளை வைத்துத்தான் சொல்கிறேன். அப்புறம், அடோபி ஆர்ஜிபி படத்தை புரொஃபைலை (படம் எந்த நிற வெளியில் இருக்கிறது என்ற குறிப்பு) கண்டுகொள்ளாத இடத்துக்கு அனுப்பினால் நிறமெல்லாம் வெளிறித் தெரியும், ஆகவே வெளியே போகும் காப்பி மட்டும் எஸ்ஆர்ஜிபி.

எடிட்டிங் முடிந்துவிட்டால் 8 பிட் போதும், ஜேபெக்கே 8 பிட்தான். ஏற்கெனவே ஜேபெக்காக இருப்பதை 16 பிட்டுக்கு மாற்றினால் போன படிகள் திரும்பி வராது, அடுத்தடுத்த திருத்தங்களில் இழப்பு குறையும், அவ்வளவுதான். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏற்றி எடுத்த படம் என்றால் நாய்ஸே, அதாவது புள்ளிப் புள்ளியாகத் தெரியும் இரைச்சலே, பட்டையை மறைத்துவிடும், அதற்கெல்லாம் ஃபைல் அளவை இரட்டிப்பாக்க வேண்டியதில்லை.