கேபிளா, வாட்ஸ்அப்பா?

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஜெராக்ஸ், டிடிபி கடை வைத்திருக்கிறேன். எந்த வேலையானாலும் முதலில் வாடிக்கையாளர் போனில் இருப்பது என் கம்ப்யூட்டருக்கு வந்தாக வேண்டும். "நம்பர் சொல்லுங்கண்ணே, வாட்ஸ்அப்ல போட்டுடறேன்" என்றுதான் பெரும்பாலும் ஆரம்பிப்பார்கள்.

ஆதார், மார்க் ஷீட் என்று பிடிஎஃப் ஆக இருந்தால் அதுவே போதும். படம் என்றால்தான் வம்பு. தேவனாம்பட்டினத்து அண்ணன் ஒருவர் தன் அப்பாவின் நினைவஞ்சலி பேனருக்குப் படம் அனுப்பினார். போனில் பளிச்சென்று இருந்தது. ஆறடிக்குப் பெரிதாக்கினால் மீசை எது, நிழல் எது என்று தெரியவில்லை. படமாக அனுப்பினால் வாட்ஸ்அப் அதைச் சுருக்கிவிடும். அதே படத்தை 'டாக்குமெண்ட்' வழியாக அனுப்பச் சொன்னேன், மீசை முடி முடியாக வந்தது. டாக்குமெண்டாக 2 ஜிபி வரை போகும்.

அதற்கு மேல் கேபிள்தான். மாசி மகத் தீர்த்தவாரியை ஒரு தம்பி சில்வர் பீச்சில் வீடியோ எடுத்து வந்தார், 3 ஜிபி இருக்கும். சாதாரண யுஎஸ்பி 2.0 கேபிளில் இரண்டு நிமிடம்தான் ஆனது. புளூடூத் என்றால் மூன்று மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வேண்டும். போன் நம்பர் சேமித்த சின்ன ஃபைலுக்கு மட்டும் அது சரி.

கேபிளிலும் இரண்டு சிக்கல். சில மலிவுக் கேபிள்களில் சார்ஜ் ஏறும், டேட்டா போகாது, உள்ளே அதற்கான கம்பியே இருக்காது. நல்ல கேபிளைச் செருகினாலும் ஆண்ட்ராய்டு முதலில் சார்ஜ் மட்டுமே செய்யும். மேலிருந்து திரையை இழுத்து, யுஎஸ்பி அறிவிப்பைத் தொட்டு, 'ஃபைல் டிரான்ஸ்ஃபர்' தேர்ந்தெடுக்க வேண்டும். பூட்டிய போனில் ஃபோல்டர் காலியாகத் தெரிவதைப் பார்த்து, "எல்லாம் அழிஞ்சு போச்சே" என்று ஒரு அக்கா பதறியே விட்டார்.

கேபிள் இல்லாவிட்டால் குயிக் ஷேர், ஆண்ட்ராய்டு போனிலிருந்து கம்பியில்லாமல் ஃபைல் அனுப்பும் வசதி. விண்டோஸில் நிறுவிக்கொண்டால் வைஃபை வேகத்தில் வரும், படமும் சுருங்காது. வீட்டுக்கு அதைத்தான் சொல்வேன். கடையில் வருகிறவர் ஒவ்வொருவருக்கும் அதை விளக்க நேரமில்லை. கூகுள் டிரைவ் இலவசமாக 15 ஜிபி தருகிறது, ஆனால் ஏற்றி இறக்க இரண்டு முறை நெட் செலவு. ஐபோன்காரர்கள் கேபிளில் படங்களைக் கம்ப்யூட்டருக்கு மாற்றும்போது பாதியில் நின்றால் போட்டோஸ் அமைப்பில் 'கீப் ஒரிஜினல்ஸ்' போடுங்கள்.

அனுப்புவதைவிட ஃபைலைத் தேடுவதுதான் பெரிய பாடு. கேமராவில் எடுத்தது டிசிஐஎம் ஃபோல்டரில் 'கேமரா'வுக்குள் இருக்கும். வாட்ஸ்அப்பில் வந்ததை அங்கே தேடக்கூடாது. ஆண்ட்ராய்டு 11 வந்த பிறகு அது 'ஆண்ட்ராய்டு', 'மீடியா', 'காம்.வாட்ஸ்அப்' என்று உள்ளே உள்ளே போய் ஒளிந்திருக்கிறது. பெயரில் 'டபிள்யூஏ' என்ற எழுத்துகள் இருந்தால் அது வாட்ஸ்அப்பில் வந்தது, பெரும்பாலும் சுருங்கியது, பேனருக்கு ஆகாது. இப்போதுதான் சேமித்த ஃபைல் கம்ப்யூட்டரில் தெரியவில்லையா? போனை ஒருமுறை அணைத்துப் போடுங்கள், பல நேரம் வந்துவிடும்.

வாட்ஸ்அப் வெப்பை என் கம்ப்யூட்டரில் திறப்பவர்களும் உண்டு. ஒருவர் நெல்லிக்குப்பம் பஸ் ஏறிய பிறகுதான் பார்க்கிறேன், அவர் வீட்டுச் சொத்துச் சண்டை என் திரையில் ஓடிக்கொண்டிருக்கிறது. நானே வெளியேற்றிவிட்டேன். எல்லாக் கடையிலும் அப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. மறந்துவிட்டால் போனில் 'லிங்க்டு டிவைசஸ்' திறந்து, பஸ்ஸில் நின்றபடியே வெளியேறலாம்.