வாசிப்பான் வாங்கலாமா என்று கேட்ட டீச்சருக்கு

மின்நூல் வாசிப்பானைப் பற்றி யார் கேட்டாலும் நான் பேட்டரியைப் பற்றியோ திரையைப் பற்றியோ முதலில் பேசுவதில்லை. சொல்லுக்கும் சொல்லுக்கும் நடுவில் அது விடுகிற இடைவெளியைப் பற்றித்தான் பேச ஆரம்பிப்பேன். கேட்டவர் பாதியில் தலையைச் சொறிவார். பேச்சு மாறிவிடும்.

இந்தத் தடவை அப்படி மாற்றமுடியாது. எங்கள் தலைமையாசிரியர் வருஷக் கடைசியில் ஓய்வு பெறுகிறார். பரிசுக்குக் காசு சேர்க்கிறார்கள். "டீச்சர், உங்ககிட்ட இருக்கே, அந்தப் படிக்கிற சாமான், அதையே சாருக்கு வாங்கிடலாமா? இப்ப விலை வேற இறங்கியிருக்கு" என்று பக்கத்து வகுப்பு டீச்சர் வாட்ஸ்அப்பில் கேட்டிருக்கிறார். ரெண்டு வரியில் பதில் போட உட்கார்ந்தேன். வரவில்லை. அதனால் முழுசாகவே எழுதிவிடுகிறேன்.

என்னுடையது தம்பி சிங்கப்பூரிலிருந்து வந்தபோது கொண்டுவந்து கொடுத்தது. நாலைந்து வருஷம் இருக்கும். கம்பெனிப் பெயர் வேண்டாம், விவரமெல்லாம் எங்கும் கிடைக்கும். ஆறு அங்குலத் திரை, கறுப்பு வெள்ளை, அவ்வளவுதான். இங்கே மலேசியாவில் ஒவ்வொரு மே 16 ஆசிரியர் தினத்துக்கும் குவளையும் துண்டும் பேனாவும் வாங்கி வாங்கி அலமாரி நிறைந்து கிடக்கிறவளுக்கு, நான் என்ன செய்கிறேன் என்று பார்த்து ஒருத்தர் வாங்கித் தந்த பரிசு அது ஒன்றுதான். தம்பிமேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. இதை இங்கேயே சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்தால் அவன் வருத்தப்படுவான்.

நல்லதிலிருந்து தொடங்கலாம். எங்கள் ஊர் சுங்கை சிப்புட்டில் புத்தகம் வைத்திருப்பதே ஒரு வேலை. வெயிலும் மழையும் மாறி மாறி அடித்து, எந்நேரமும் காற்றில் ஈரம் நிற்கும் ஊர். அலமாரியில் எத்தனை பாச்சை உருண்டை போட்டாலும் வெள்ளிப்பூச்சி அட்டையைத் தின்னும், பூஞ்சை ஓரங்களில் பழுப்பு வைக்கும். சென்னையிலிருந்து வரவழைத்தால் சில நேரம் அஞ்சல் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடும். இந்தத் தொல்லையெல்லாம் இல்லாமல் ஒரு கைக்குள் அலமாரியே இருக்கிறது என்றால் யாருக்குக் கசக்கும்?

அப்புறம் அந்தத் திரை. இதைக் கைப்பேசித் திரையோடு சேர்த்துப் பேசாதீர்கள். உள்ளே நுண்ணிய குமிழ்களில் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் மிதக்கின்றன. ஒன்றுக்கு நேர் மின்னூட்டம், மற்றதற்கு எதிர். மின்சாரம் கொடுத்தால் எது மேலே வரவேண்டுமோ அது மேலே வரும், வந்தது அப்படியே நின்றுகொள்ளும். பக்கம் புரட்டும்போதுதான் எழுத்துக்கு மின்சாரம் செலவு. ஒரு தடவை சார்ஜ் போட்டால் வாரக்கணக்கில் ஓடுவது அதனால்தான். விளக்கும் கண்ணுக்குள் அடிக்காது, ஓரத்திலிருந்து திரைமேல் படரும். மழை நாளில் கரண்ட் போய், வீட்டில் எல்லாரும் மெழுகுவத்தி தேடிக்கொண்டிருக்கும்போது நான் பாட்டுக்குக் கொசுவலைக்குள் படித்துக்கொண்டிருப்பேன். தலைக்குக் குளித்துவிட்டு எடுத்தால் மட்டும் கூந்தலிலிருந்து சொட்டுகிற தண்ணீர் தானாகப் பக்கம் புரட்டிவிடும். அது என் தப்பா, அதன் தப்பா என்று தெரியவில்லை. விட்டுவிடலாம்.

கல்கியின் பொன்னியின் செல்வனை இதில்தான் மறுபடி முழுசாகப் படித்தேன். ஐந்து பாகம். படுத்துக்கொண்டு தூக்கிப் பிடித்தால் மணிக்கட்டு வலிக்கும் புத்தகம். அது கிடக்கட்டும், நான் எதிர்பாராதது வேறொன்று. 1950லிருந்து 1954வரை வாராவாரம் தொடராக வந்த கதை அது. ஒவ்வோர் அத்தியாயத்தையும் கல்கி எங்கே அறுத்துவிடுகிறார் என்று பாருங்கள், ஆள் மறைவார், கதவு சாத்தும், யாரோ சிரிப்பார்கள். கையில் கனமான புத்தகமாக இருந்தால் இன்னும் எத்தனை பக்கம் பாக்கி என்று விரலே சொல்லிவிடும். வாசிப்பானில் கனம் மாறாது. சதவீதம் காட்டுவதையும் அணைத்துவிட்டேன். ஆடிப்பெருக்கு அன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வருகிற இடத்திலிருந்து, முடிவு எவ்வளவு தூரம் என்று தெரியாமலே போய்க்கொண்டிருந்தேன். தொடராகப் படித்தவர்களுக்கு இருந்த பதைப்பில் கொஞ்சமாவது எனக்குக் கிடைத்தது. படம் பார்த்துவிட்டுக் கதை தெரியும் என்று சொல்கிற பிள்ளைகளுக்கு நான் சிபாரிசு செய்வது இப்படிப் படிப்பதைத்தான். (நந்தினி வரும் பக்கங்களில் கல்கிக்குப் பேனா தனியாகத் துள்ளுகிறது, பூங்குழலிக்கு அந்தக் கவனிப்பு இல்லை. இது என் பழைய சண்டை.)

இனி என் சண்டைக்கு வருகிறேன்.

வரியின் இரண்டு ஓரமும் நேர்க்கோடாக நிற்கவேண்டும் என்று இந்தக் கருவிக்குப் பிடிவாதம். ஆங்கிலத்தில் அது பெரிய தொல்லையாக இருக்காது. சொற்கள் சின்னச் சின்னது, மிஞ்சினால் நடுவில் ஒரு கோடு போட்டு உடைத்து அடுத்த வரிக்கு அனுப்பிவிடும். தமிழில் வேற்றுமை உருபும் துணைவினையும் 'எல்லாம்' என்ற ஒட்டும் சேர்ந்து ஒரே சொல்லாக நீண்டு நிற்கும். 'சொல்லிக்கொண்டிருந்தவர்களையெல்லாம்' என்று ஒரு சொல் வந்தால் ஆறு அங்குலத் திரையில் முக்கால் வரி போய்விடும். அதை உடைக்க இந்தக் கருவிக்குத் தெரியாது. முழுசாகத் தூக்கிக் கீழே தள்ளிவிட்டு, மேலே மிச்சமிருக்கும் 'அவன்', 'அன்று' என்ற இரண்டு சொல்லையும் இழுத்து ஆளுக்கொரு ஓரத்தில் நிறுத்தும். நடுவில் ஒரு வெற்றிடம். அடுத்த வரியில் இன்னொன்று. எங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ரப்பரை வெட்டிவிட்டு ஒன்பது மீட்டர் இடைவெளியில் செம்பனை, அதாவது எண்ணெய்ப்பனைக் கன்று நட்டார்களே, முதல் வருஷம் அது எப்படி இருந்ததோ அப்படி இருக்கும் ஒரு பக்கம்.

இது பார்வைக்கு அசிங்கம் என்பதோடு போவதில்லை. கண் வரியை விட்டுவிட்டு வெள்ளையில் இறங்கிப் போகிறது. உரையாடலில் பரவாயில்லை, வரிகள் குட்டை. வருணனை வந்தால் தடுக்கித் தடுக்கித்தான் படிக்கவேண்டும்.

இதில் கோபம் வருவதற்குக் காரணம், இது தமிழில் என்றைக்கோ தீர்த்துவிட்ட சிக்கல் என்பது. அச்சுக் கோத்த காலத்திலிருந்தே நம் புத்தகங்களில் வரி முடிகிற இடத்தில் சொல்லை எழுத்து எழுத்தாக உடைத்து, பெரும்பாலும் கோடுகூடப் போடாமல், அடுத்த வரியில் தொடர்ந்துவிடுவார்கள். பத்திரிகையின் குறுகிய பத்தியைப் பாருங்கள். உயிர்மெய்யை மட்டும் பிளக்கக்கூடாது, புள்ளி வைத்த எழுத்தில் வரியைத் தொடங்கக்கூடாது, அவ்வளவுதான் சட்டம். ஒன்றாம் ஆண்டுப் பிள்ளைகூட ரெண்டு நாளில் கற்றுக்கொள்ளும். கணினியில் தமிழ் எழுத முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன் நம் நாட்டுக்காரர். கணினியிலும் கைப்பேசியிலும் தமிழ் லட்சணமாகத் தெரிவதற்கு அவர் எழுத்துருக்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அந்த அளவுக்குத் தமிழ் தொழில்நுட்பம் வந்தாகிவிட்ட பிறகு, வாசிப்பதற்கென்றே செய்த கருவியில் தமிழ் வரி இப்படிப் பல்லிளிப்பதை எதில் சேர்ப்பது?

கேலிக்கூத்து இதற்குமேல்தான். இலவசப் புத்தகங்களில் இந்தத் தொல்லையை என்னால் சரிசெய்ய முடிகிறது. 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து ஏற்றிய நூல்கள் கொட்டிக் கிடக்கின்றன. ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ் தளத்தில் ஆறு அங்குலத் திரைக்கென்றே அளவெடுத்த பிடிஎஃப்கூடக் கொடுக்கிறார்கள், யாரோ புண்ணியவான் நம்மை நினைத்திருக்கிறார். மின்நூலுக்கான ஈபப் கோப்பாக எடுத்தால் காலிபர் என்ற இலவச மென்பொருளில் போட்டு, மாற்றும்போது 'இடப்பக்கம் ஒட்டி நிறுத்து' என்று ஒரு தேர்வைக் கொடுத்தால் போதும். வலது ஓரம் ஏற்ற இறக்கமாக இருக்கும், ஆனால் இடைவெளி ஒழுங்காக விழும். காசு கொடுத்து வாங்குகிற புத்தகத்துக்குப் பூட்டு உண்டு, அதில் கைவைக்க முடியாது. சிலதில் ஓரத்தை மாற்றும் பொத்தான் வருகிறது, சிலதில் வருவதேயில்லை. ஆக, சும்மா கிடைத்தது அழகாகத் தெரிகிறது, காசு கொடுத்து வாங்கியது ஓட்டையாகத் தெரிகிறது. உதவி மையத்துக்கு எழுதினேன். கருவியை ஒருமுறை அணைத்துப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள்.

போன மாதம் சார்ஜ் போடும் துளை ஆட்டம் கண்டது. ஒயரை ஒரு கோணத்தில் வளைத்து, மேலே பால் டின்னை வைத்தால்தான் சார்ஜ் ஏறும். டவுனில் கைப்பேசிக் கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு இது நம்ம வேலை இல்லை என்றார். ஈப்போவில் ஒரு கடையில் எடுத்துக்கொண்டார்கள். துளையை மாற்றி, பேட்டரியும் மாற்றி, புதுசு வாங்குகிற விலையில் பாதிக்குக் கிட்டே வாங்கிவிட்டார்கள். வேலை சுத்தம், குறை சொல்லமாட்டேன்.

அது ஈப்போவில் கிடந்த நாட்களில் காகிதத்துக்குத் திரும்பினேன். ஆர். சண்முகத்தின் சயாம் மரண ரயில் நாவலை எடுத்தேன். ஒரு நூல் வெளியீட்டுக்குப் போன அப்பா, வழக்கம்போல உறையில் பணம் வைத்துக் கொடுத்துவிட்டு வந்து, திரும்பும் வழியில் எனக்கென்று தனியாக வாங்கிய பிரதி. 1942, 43இல் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவில் 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட ஜப்பான்காரன் மலாயாத் தோட்டங்களிலிருந்து ஏற்றிக்கொண்டுபோன நம் ஆட்களின் கதை. போனவர்களில் பல்லாயிரம் பேர் திரும்பவில்லை. தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். வீட்டில் அவரைப் பற்றிப் பேச்செடுத்தால் பாட்டி எழுந்து போய்விடுவார். அந்தப் புத்தகத்தில் பக்கம் மஞ்சள், ஓரத்தில் பூச்சி ஓட்டை, இரவு விளக்கைப் போட்டுக்கொண்டுதான் படிக்கவேண்டும், பக்கத்தில் படுத்திருந்தவர் முணுமுணுத்தார். ஆனால் ஒரு வரிகூடத் தடுக்கவில்லை. அச்சுக்காரர் சொற்களை வேண்டிய இடத்தில் உடைத்து நெருக்கமாகக் கோத்திருந்தார். அப்பாவின் கையெழுத்து முதல் பக்கத்தில் இருந்தது. வாசிப்பானில் தம்பி எங்கே எழுதித் தருவான்?

சரி, சாருக்கு வாங்கலாமா?

வேண்டாம் டீச்சர். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பிள்ளைகளின் கட்டுரையில் சொல்லுக்கு நடுவே ஒரு விரல் இடம்தான் என்று சிவப்பு மையில் வட்டம் போட்டவர் அவர். இதைக் கையில் கொடுத்தால் முதல் பக்கத்திலேயே கண்ணாடியைக் கழற்றிவிடுவார். காலிபர், ஈபப் என்று கணினி முன் உட்காரவும் மாட்டார். நல்ல படிப்பு விளக்கு ஒன்று, கழுத்தை வளைத்துக்கொள்கிற மாதிரி. மீதிக் காசுக்குக் கோலாலம்பூரில் நம் நாட்டு எழுத்தாளர்களின் நூல்கள். யார் யாருக்கு எது பிடிக்குமோ அதைத் தேர்ந்தெடுத்து, முதல் பக்கத்தில் அவரவர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்போம். பட்டியல் நான் தருகிறேன். ரசீதைப் பத்திரமாக வையுங்கள், யாராவது கணக்குக் கேட்பார்கள்.

அப்படியென்றால் இதைத் தூக்கிப் போட்டுவிட்டீர்களா என்று கேட்காதீர்கள். ரிப்பேருக்குக் கொடுத்த காசே பதில். கண் புரை அறுவைக்குப் பிறகு அம்மா என் வாசிப்பானை எடுத்துக்கொண்டுவிட்டார். எழுத்தை எவ்வளவு பெருசாக்க முடியுமோ அவ்வளவு பெருசாக்கி வைத்திருக்கிறார். ஒரு வரிக்கு ஒரு சொல், அதிர்ஷ்டம் இருந்தால் இரண்டு. நான் எட்டிப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு வலிக்கிறது. அவருக்கு அந்த வெற்றிடம் கண்ணிலேயே படவில்லை. "எல்லாம் நல்லாத்தானே தெரியுது, நீ எதுக்குச் சும்மா கத்துற" என்கிறார். பொன்னியின் செல்வன் மூன்றாம் பாகத்தில் இருக்கிறார், சாப்பிடக் கூப்பிட்டால் வருவதில்லை.

திருப்பிக் கேட்டுப் பார்த்தேன், பிரயோசனம் இல்லை. அதனால் நவம்பர் 11 அன்று இணையக் கடைகளில் வரும் 11.11 தள்ளுபடியில் இன்னொன்று வாங்கப்போகிறேன், அதே மாதிரி. டீச்சர், நீங்களும் வீட்டுக்கு வாங்குவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள், ஒரே பார்சலில் வரவழைத்தால் அனுப்பும் செலவைப் பாதியாகப் பிரித்துக்கொள்ளலாம்.