கோலாலம்பூர் டிரான்சிட் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் படியுங்கள்: 18,600 ரூபாய் போன கதை

கோலாலம்பூர் வழியாக ஆஸ்திரேலியாவுக்கோ ஜப்பானுக்கோ பயணப்படுகிறவர்கள், நடுவில் கிடைக்கும் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் ஊரைச் சுற்றிக் காட்டுவதாக இணையத்தில் விற்கப்படும் டிரான்சிட் சுற்றுலாக்களுக்கு முழுத் தொகையையும் முன்கூட்டியே கட்ட வேண்டாம். மூன்று பேருக்கு நாங்கள் கட்டியது 18,600 ரூபாய். சென்ற திங்கட்கிழமை நடந்ததைக் கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். அந்த நேரத்தை உருப்படியாகக் கழிப்பது எப்படி என்று கடைசியில் விரிவாகச் சொல்கிறேன்.

மெல்பர்னில் இருக்கும் தங்கை வீட்டுக்கு அப்பா அம்மாவை அழைத்துச் சென்றேன். காலை ஆறரை மணிக்குக் கோலாலம்பூரில் இறங்கி, இரவு ஒன்பதரைக்கு அடுத்த விமானம். பெட்டிகள் நேராக மெல்பர்னுக்கே போய்விடும். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் 30 நாள் வரை விசா இல்லாமலே மலேசியாவுக்குள் போகலாம் என்பதால், வெளியே செல்வதிலும் சிக்கல் இல்லை. அம்மாவுக்குப் பத்துமலை முருகனைப் பார்க்க வேண்டும் என்று வெகு நாளைய ஆசை, அப்பாவுக்கு மூட்டுவலி. விமான நிலையம் ஊரிலிருந்து ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் தள்ளிச் செப்பாங்கில் இருக்கிறது. அங்கிருந்து ரயில் மாறி ரயில் ஏறி அவரை அலைக்கழிக்க மனமில்லாமல்தான் கார் ஏற்பாட்டைத் தேடினேன்.

பெயர் சொல்ல விரும்பவில்லை. பல நாடுகளின் சுற்றுலாக்களையும் நுழைவுச் சீட்டுகளையும் ஒரே இடத்தில் விற்கும் பெரிய இணையதளம் அது. விமான நிலைய வாசலில் ஏற்றிக்கொண்டு பத்துமலை, பெட்ரோனாஸ் இரட்டைக் கோபுரத்தின் வான்பாலம், மெர்டேக்கா சதுக்கம் ஆகியவற்றைக் காட்டி, மீண்டும் விமான நிலையத்திலேயே இறக்கிவிடுவார்கள், எட்டு மணி நேரம் வண்டி நம்முடையது, நுழைவுக் கட்டணங்கள் உட்பட 18,600 ரூபாய் என்று போட்டிருந்தது.

அப்போதும் நான் தயங்கிக்கொண்டுதான் இருந்தேன். விவரம் கேட்டு எழுதிய அன்றிரவே, அத்தளத்துக்காகக் கோலாலம்பூரில் வண்டி ஏற்பாடு செய்யும் நிறுவனத்திலிருந்து ஒருவர் வாட்ஸ்அப்பில் அழைத்தார். நல்ல தமிழில் அப்பாவின் மூட்டுவலியைப் பற்றி விசாரித்தார்; காரின் முன் இருக்கையைப் பின்னுக்குத் தள்ளிக் கால் நீட்ட வசதி செய்து தருவதாகச் சொன்னார். “அம்மாவ நானே பக்கத்துல நின்னு படி ஏத்தி விடறேன், கவலப்படாதீங்க லா, நம்ம முருகன்தானே” என்று அவர் சொன்னதைக் கேட்டு அம்மா என் கையிலிருந்து கைபேசியை வாங்கி அவரை வாழ்த்தினார். வான்பாலச் சீட்டுகள் வேகமாக விற்றுத் தீர்வதால் அன்றிரவே முழுத் தொகையும் கட்டினால்தான் திங்கட்கிழமைக்கு உறுதி செய்ய முடியும் என்றார் அவர். 18,600 ரூபாயும் அந்த இரவே போயிற்று.

ஏழரைக்கு வர வேண்டிய வண்டி பத்து மணிக்கு வந்தது. முதலாம் முனையத்தில் நாங்கள் நிற்க, ஓட்டுநர் இரண்டாம் முனையத்தில் காத்திருப்பதாக ஒரு முறையும், சாலையில் நெரிசல் என்று ஒரு முறையும் தகவல் வந்தது; அதன் பிறகு அழைப்பை எடுக்கவே இல்லை. வந்தவர் எங்களோடு பேசியவர் அல்லர். ஏறியவுடன் சுங்கக் கட்டணமும் வண்டி நிறுத்தக் கட்டணமும் தனி என்று 60 ரிங்கிட் வாங்கிக்கொண்டார். பத்துமலைக்கு முன்பாக ஒரு சாக்லேட் கடையிலும் ஒரு நினைவுப் பொருள் கடையிலும் வண்டி நின்றது. எதுவும் வாங்காமல் திரும்பியதற்கு அவர் முகம் சுளித்ததைப் பார்த்தபோதே கடைக்காரர்களோடு அவருக்கு இருந்த கணக்கு புரிந்துவிட்டது.

பத்துமலையில் எங்களுக்குக் கொடுக்கப்பட்டது நாற்பது நிமிடம். மொத்தம் 272 படிகள். அம்மா நின்று நின்று பாதிக்கு மேல் ஏறியிருந்தபோது, உடனே வராவிட்டால் மற்ற இடங்களுக்குப் போக முடியாது என்று ஓட்டுநர் கைபேசியில் கத்தத் தொடங்கினார். 140 அடி உயரச் சிலையைக் கீழிருந்து கும்பிட்டதே போதும் என்று அம்மா இறங்கிவிட்டார். பக்கத்தில் நின்று படியேற்றி விடுவதாகச் சொன்னவரை நாங்கள் கண்ணாலேயே காணவில்லை.

இரட்டைக் கோபுரத்துக்குப் போனால் பார்வையாளர் பகுதி மூடியிருக்கிறது. 41, 42ஆம் மாடிகளில் இருக்கும் அந்த வான்பாலத்துக்குத் திங்கட்கிழமைகளில் பார்வையாளர்களை அனுமதிப்பதே இல்லையாம். இல்லாத நாளுக்குச் சீட்டு ‘உறுதி’ செய்து பணம் வாங்கியிருக்கிறார்கள். பத்துமலைக் கோயில் குகைக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, மெர்டேக்கா சதுக்கமோ திறந்தவெளி மைதானம். ஆக, ‘நுழைவுக் கட்டணங்கள் உட்பட’ என்பதற்கு என்ன பொருள் என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். மெர்டேக்கா சதுக்கத்தை ஓடும் காரின் கண்ணாடி வழியே காட்டினார். மாலை மூன்று மணிக்கு, எட்டு மணி நேரம் ஏழரையிலிருந்தே தொடங்கிவிட்டது, விமான நிலையம் வர வேண்டுமானால் இன்னும் 200 ரிங்கிட் என்றார். மறுத்ததும் கேஎல் சென்ட்ரல் ரயில் நிலைய வாசலில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். ஆளுக்கு 55 ரிங்கிட் கொடுத்து விரைவு ரயிலில் விமான நிலையம் வந்து சேர்ந்தோம்.

அதன் பிறகு நடந்ததுதான் கொடுமை. தமிழில் இனிக்கப் பேசியவர் என் எண்ணைத் தடை செய்துவிட்டார். இணையதளத்தின் உதவிப் பிரிவில் ஒவ்வொரு முறையும் புதிய ஒருவர் வந்து, முதலிலிருந்து கதை கேட்டு, உங்கள் சிரமம் எங்களுக்குப் புரிகிறது என்று சொல்லிவிட்டு மறைந்தார். வண்டி தாமதமானதற்குப் புகைப்படச் சான்று அனுப்பச் சொன்னார் ஒருவர். வராத வண்டியை எப்படிப் படம் எடுப்பது என்று கேட்டதற்கு இன்றுவரை பதில் இல்லை. வண்டி ஏற்பாடு செய்த நிறுவனத்தைக் கேளுங்கள் என்றார் இன்னொருவர்; அந்த நிறுவனமோ பணம் தளத்திடம் இருக்கிறது என்கிறது. சேவை ஓரளவு பயன்படுத்தப்பட்டுவிட்டதால் 18,600 ரூபாயில் ஒரு ரூபாய்கூடத் திரும்பாது என்றும், நல்லெண்ண அடிப்படையில் அடுத்த பயணத்துக்கு 500 ரூபாய்த் தள்ளுபடி தருவதாகவும் கடைசியாக எழுதினார்கள்.

விரிவாகச் சொல்வதாக எழுதினேன். இப்போதைக்கு மனம் அதில் செல்லவில்லை, அவசியமானதை மட்டும் சொல்கிறேன். முதலாம் முனையத்திலிருந்து கேஎல் சென்ட்ரலுக்கு விரைவு ரயில் 28 நிமிடத்தில் போய்விடும், அங்கிருந்து பத்துமலை அடிவாரத்துக்கே கொமுட்டர் ரயில் சில ரிங்கிட்டில் கிடைக்கிறது. நடக்க முடிந்தவர்களுக்கு இடைத்தரகர் எவரும் தேவையில்லை. முதியவர்கள் உடன் இருந்தால் வாடகைக் காரைச் செயலியில் ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாக அழையுங்கள். மலேசியாவின் டிஜிட்டல் வருகை அட்டையை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் குடிநுழைவுத் துறையின் தளத்திலேயே இலவசமாக நிரப்பலாம். அதற்குக் கட்டணம் கேட்கும் தளம் எதுவானாலும் மூடிவிடுங்கள். வான்பாலச் சீட்டைக் கோபுரத்தின் சொந்தத் தளத்தில் மட்டும் வாங்குங்கள், திங்கட்கிழமையைத் தவிருங்கள். தொலைபேசியில் தரும் வாக்குறுதி எதுவானாலும் பணம் கட்டும் முன்பே எழுத்தில் அனுப்பச் சொல்லுங்கள். எனக்கு அழைத்தவர் பேசிய எதற்கும் என்னிடம் சான்று இல்லாததால், 18,600 ரூபாயைத் திரும்பக் கேட்டு நான் கொடுத்த மனுவை வைத்துக்கொண்டு வங்கி இன்னும் ஆவணம் கேட்டுக்கொண்டிருக்கிறது.