விண்ட்ஷீல்டு மாட்டி ரெண்டு வருசம், ஹெல்மெட் ஆட்டம் நின்ன கத

பாளையங்கோட்டைல இருந்து நாகர்கோவிலுக்கு வாரம் ஒருக்கா பைக்ல போயிட்டு வாறவன் நான், போக மட்டும் 80 கிலோமீட்டர், நாலுவழி ரோடு, ரோட்ட குத்தம் சொல்லக்கூடாது, ஆனா 80 ஸ்பீட தாண்டிட்டா ஹெல்மெட்ட எவனோ பின்னால இருந்து ரெண்டு கையாலயும் பிடிச்சி குலுக்குத மாதிரியே இருக்கும். வள்ளியூர் வாறதுக்குள்ள கழுத்து செத்துரும், வீட்டுக்கு வந்த பொறவும் காதுக்குள்ள ஙொய்னு கெடக்கும்.

மொதல்ல நான் பண்ணுன கிறுக்குத்தனத்த சொல்லிருதேன். காத்துதான பிரச்சன, வண்டிக்கு முன்னால பெரிய கண்ணாடியா போட்டா தீந்துதுன்னு ஹேண்டில்பார்ல கிளாம்ப் போட்டு மாட்டுத உயரமான விண்ட்ஷீல்டு ஒண்ணு ஆன்லைன்ல வாங்குனேன், 2000 ரூவா. நெஞ்சுல காத்தே படல, சொகமா இருந்துது, ஆனா தல ஆட்டம் முன்ன விட டபுளு! கண்ணாடி மேல் விளிம்புல உடையுத காத்து சுழிச்சிக்கிட்டு வந்து நேரா ஹெல்மெட்லதான் விழுது. கண்ணாடி இல்லாட்டா கூட காத்து ஓரளவு சீரா அடிக்கும், கழுத்து அத கொஞ்சமாவது தாங்கும், இந்த சுழிக்காத்த தாங்காது.

நாங்குநேரி பக்கம் ரோடு காலியா கெடந்த நேரமா பாத்து ஃபுட்ரெஸ்ட்ல லேசா எந்திச்சி நின்னேன், ஆட்டம் டக்குனு நின்னுட்டு. டேங்க்ல நாடி முட்டுத மாதிரி குனிஞ்சேன், அப்பவும் நின்னுட்டு. பொறவு விளிம்புல உல்லன் நூலு ரெண்டு துண்ட டேப் போட்டு ஒட்டிட்டு ஓட்டுனேன், ரெண்டும் துடிச்சிக்கிட்டு என் மூக்க பாத்தே நிக்கி. அப்ப நான் உக்காருத உயரந்தான் சுழி ஓடுத எடம்.

அதனால கண்ணாடிய ஒசத்தாம ரெண்டு இஞ்ச் எறக்கி, லேசா பின்னால சாச்சேன். இப்ப சுழி தோள்பட்டைல விழுது, ஹெல்மெட்டுக்கு நேர்க்காத்து. இன்னொண்ணு, கண்ணாடிக்கு பின்னால காத்து இல்லாம வெறிச்சி கெடந்தா சுத்தியுள்ள காத்து உள்ள பாய வரும், முதுகுல யாரோ முன்னால தள்ளுத மாதிரி தெரியும். போல்ட்ட நீளமா மாத்தி, ரப்பர் புஷ் குடுத்து, கண்ணாடிக்கும் ஹெட்லைட்டுக்கும் நடுவுல ரெண்டு விரல் போற மாதிரி எடைவெளி விட்டேன், அடில இருந்து கொஞ்சம் காத்து ஏறவும் அந்த தள்ளல் முக்காவாசி போயிட்டு. 2 கண்ணாடி வாங்குத காசு மிச்சம்னு வைங்க.

ஆனா ஆனி ஆடி மேக்காத்துக்கு இந்த வேலையெல்லாம் செல்லாது. பணகுடி தாண்டி காவல்கிணறு வந்துட்டா ஆரல்வாய்மொழி கணவாய் காத்து பக்கவாட்டுல அடிக்கும்போது ஹேண்டில்பார்ல மாட்டுன கண்ணாடி பாய்மரம் மாதிரி ஹேண்டில சேத்து இழுக்கும், ஒருநாள் லாரிய ஓவர்டேக் பண்ணி வெளிய வந்ததும் அர லேன் தள்ளிப்போயிட்டேன். மெக்கானிக் அண்ணாச்சிட்ட சொன்னா, "முப்பந்தல்ல காத்தாலைக்கு கோடி கோடியா கொட்டி காத்த பிடிக்கான், நீரு ரெண்டாயிரத்துலயே பிடிச்சிட்டீரேவே"ங்காரு. அந்த சீசன் முச்சூடும் இப்ப கழட்டி வீட்ல வச்சிருதேன், 4 போல்ட்டு, 10 நிமிச வேல.

சுமாரா 16,000 கிலோமீட்டர் ஓடியாச்சி. 90 வரைக்கும் கழுத்துக்கு தொந்தரவே இல்ல, 100ல கொஞ்சம் உண்டு. சத்தம் மட்டும் முழுசா போகாது, அதுக்கு காதுல இயர்பிளக்குதான். போல்ட்ட மாசம் ஒருக்கா முறுக்கிருங்க, மூன்றடைப்பு கிட்ட எனக்கு ஒண்ணு ரோட்லயே உதுந்துட்டு.

என் செட்டிங்க அப்படியே வைக்காதீங்க. நான் 5 அடி 9, என்ன விட 4 இஞ்ச் கொறஞ்ச தம்பி போன வாரம் இதே வண்டிய எடுத்துட்டு போயிட்டு வந்து, "என்னண்ணே, தல இந்த ஆட்டு ஆட்டுது"ன்னு ஏசுதான்.